இருபத்திமூன்று வயிற்றில் ஒரு பிள்ளை

ஓடைக்கு அந்தாண்டை பிரெஞ்சுக்காரன் பூமி, இந்தாண்டை நம்ம பூமி, நடுவில் பதினாறு எட்டு வைத்தால் முடிந்துபோகிற ஒரு பலகைப் பாலம், பாலத்தின் இந்தாண்டை முனையில் ஓலை வேய்ந்த ஒரு சுங்கச் சாவடி என்று இருந்த காலத்தில், அந்தக் கரையில் நின்று குடித்தால் அது வெறும் சாராயமாக இருந்தது, அதே சாராயத்தை விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்து இந்தக் கரையில் விழுங்கினால் அது மூன்று மாசம் ஜெயிலாக இருந்தது. ஓடையில் இருந்த கெண்டை மீன்களுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் எதுவும் தெரியாது.

இந்தாண்டைக் கரையில் இருந்த ஓடைப்பாக்கம் மரமேறிகளின் ஊர். மதுவிலக்கு வந்த அன்று போலீஸ்காரர்கள் வந்து பனை உச்சியில் கட்டியிருந்த கள்ளுக் கலயங்களையெல்லாம் கல்லால் அடித்து உடைத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் ஏறுவதற்கு ஒன்றுமில்லாத ஆண்கள் தளைக்கயிற்றை வீட்டு விட்டத்தில் மாட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அப்படிப் பார்த்துப் பார்த்து ஊரில் பாதிப் பேருக்குக் கழுத்து பின்பக்கமாகவே பிடித்துக்கொண்டது, சோறு போட்டால்கூட வட்டில் எங்கே இருக்கிறதென்று கையால் தடவித்தான் கண்டுபிடித்தார்கள். சோறும் அடிக்கடி இல்லை. பெண்கள் கல் உடைக்கப் போனார்கள், கடலைக்காய் பிடுங்கப் போனார்கள், அந்த வருஷம் மழையும் பொய்த்ததும் பிடுங்குவதற்குக் கடலையும் இல்லாமல் போனது.

பூங்காவனம் என்று ஒருத்தி, மரத்திலிருந்து விழுந்து செத்தவனின் பெண்டாட்டி, அவள்தான் பிழைக்கிற வழியைக் கண்டுபிடித்தாள். சாவடியில் காவல் இருந்த சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கூடையைக் கொட்டிப் பார்ப்பான், வைக்கோல் வண்டியில் நீளக் கோணியூசியைச் செருகிப் பார்ப்பான், கிழவிகளின் கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்லுவான். ஆனால் வயிறு தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தால் போதும், எழுந்து தடியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்று, “பைய, தாயி, பைய. பலக ஆடும்” என்று சொல்லி அவள் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பான். அவன் பெண்டாட்டி பிள்ளையைப் பெற முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனவள். இதைப் பூங்காவனம் அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள், கேட்டு உச்சுக் கொட்டினாள், அடுத்த வாரமே அந்தாண்டைக் கரையில் இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் போய் லாரி டியூப்பை வெட்டி ஒட்டி ரப்பர் பைகள் செய்து வாங்கி வந்தாள்.

போகும்போது பையில் காற்று, வரும்போது சரக்கு. மூன்றாம் மாசத்து வயிற்றுக்கு இரண்டு புட்டி, ஏழாம் மாசத்து வயிற்றுக்கு எட்டு. யார் எத்தனையாம் மாசம் என்பதைப் பூங்காவனம் ஈர்க்குக் குச்சிகளில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். முதல் தடவை கட்டிக்கொண்டு வந்தவள் பயத்தில் பாலத்தின் நடுவிலேயே மூத்திரம் விட்டுவிட, பனிக்குடம் உடைந்துவிட்டது என்று பதறிப்போன சுடலைமுத்து அவளை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் வரைக்கும் கூடவே ஓடிவந்தான். பத்து மாசம் ஆனவளுக்குப் பிள்ளை பிறந்தாக வேண்டும் அல்லவா, ஊரில் அப்போது ஒரே ஒரு கைக்குழந்தை, மருத்துவச்சி குப்பச்சியின் மகள் பெற்றது, அதையே ஆளுக்கு ஒருநாள் வாங்கிக்கொண்டு போய்ச் சாவடியில் காட்டினார்கள். சுடலைமுத்து ஒவ்வொரு தடவையும் அதன் இடுப்பில் ஒரு கருப்புக் கயிறு கட்டினான். “இந்த ஊர்ப் பிள்ளயளுக்கெல்லாம் காதுகிட்ட ஒரே மாதிரி மச்சம்லா இருக்கு. தண்ணி வாகு போல” என்றான்.

சுடலைமுத்து முட்டாள் இல்லை. பிள்ளைத்தாச்சி விஷயத்தில் மட்டும் அவனுக்குக் கண்ணைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் அவன் பூங்காவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டான்.

“ஏ தாயி, நானும் பாக்கேன், இத்தன பிள்ளத்தாச்சி நடமாடுதாக, ஒருத்தி கையிலயும் வளவி சத்தமே கேக்கலியே? உங்க ஊர்ல ஏழாம் மாசம் வளைகாப்பு போட மாட்டீகளா?”

பூங்காவனம் சிரித்துச் சமாளித்தாள். “போடாம என்னா சாமி? வர்ற வெள்ளிக்கெழம ஒருத்திக்குப் போடறோம். இங்கியே, ஓங்க கண்ணெதுருலயே போடறோம். நீங்களும் ரெண்டு வளையலு வாங்கியாங்க.”

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, உட்காருவதற்கு ஒருத்தியும் வரவில்லை. பொய்ச்சத்தியம் செய்தவர்கள்தான், பொய்ப்பிள்ளை பெற்றவர்கள்தான், ஆனாலும் வளைகாப்பு என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வளையல் போட்டுவிட்டால் பிள்ளையின் முதல் அழுகை கேட்கிற வரைக்கும் கழற்றக் கூடாது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளே இருக்கிறது தூங்கும், எழும். ரப்பர் பைக்கு முன்னால் அந்த வளையலைக் குலுக்கினால் வீட்டில் இருக்கிற பெற்ற பிள்ளைக்கு ஆகாது என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள்.

“எனக்குப் போடுங்க” என்றாள் விருத்தாம்பாள். “எனக்கு ஆவாமப் போறதுக்கு என்னா இருக்குது?”

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். புருஷன் அய்யாக்கண்ணு ஒரு காலத்தில் நாற்பது மரம் ஏறினவன். பதினோரு வருஷமாக ஊரில் எந்த வளைகாப்புக்கும் அவள் வேலிக்கு வெளியேதான் நின்றிருக்கிறாள், சந்தனக் கிண்ணம் அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போகும், கலந்த சோற்றை மட்டும் யாராவது இலையில் மடித்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். பூங்காவனத்தின் ஈர்க்குக் கணக்குப்படி அவளுக்குத்தான் அது ஏழாம் மாசமும்.

வெள்ளிக்கிழமை காலையில் சாவடி வாசலில் பலகை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். வயிற்றில் எட்டுப் புட்டி கட்டியிருந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் அந்தாண்டைக் கரைச் சம்பாத்தியத்தில் வந்த அரிசி. குப்பச்சி அந்த வயிற்றைப் பார்க்காமலே வேப்பிலைக் காப்பை முதலில் மாட்டினாள், தலைமுறை தலைமுறையாக நிஜ வயிறுகளைத் தடவின கை அவளுடையது. பிறகு ஒவ்வொருத்தியாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசிச் சிவப்புக் கண்ணாடி வளையல் போட்டார்கள், இருபத்தோரு வளையல். கடைசியில் சுடலைமுத்து தொப்பியைக் கழற்றிவிட்டு, பண்ருட்டிச் சந்தையில் வாங்கின இரண்டு பச்சை வளையலைக் குப்பச்சியிடம் கொடுத்துப் போடச் சொன்னான். பதினோரு வருஷமாகத் தன்னைத் தாண்டிப் போன சந்தனம் கன்னத்தில் குளிர்ந்தபோது, விருத்தாம்பாள் பொய்க்குத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் மறந்துபோனாள். மறந்தவள் கையைக் குலுக்கிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சுமையை இறக்குவதற்காகப் புடவையைத் தளர்த்தி முதுகுப்பக்கம் முடிச்சைத் தேடினால் முடிச்சு இல்லை. முன்பக்கம் தடவினால் ரப்பரும் இல்லை. தோல்தான் இருந்தது, தொப்புள் இருந்தது, அதிலிருந்து கீழே ஒரு கருத்த கோடு இறங்கியிருந்தது.

குடத்தை எடுத்துக்கொண்டு சரக்கு வாங்க வந்த பூங்காவனம் வயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “எங்கடி ஒளிச்ச? அடிப்பாவி, எட்டுப் புட்டி சரக்குடி!”

“தொட்டுப் பாரு யக்கா.”

தொட்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. பூங்காவனம் வந்த வேலையை மறந்து வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அரை நாழிகை நின்றாள், பிறகு போய்க் குப்பச்சியைக் கூட்டிவந்தாள். குப்பச்சி காதை வைத்துக் கேட்டாள். ஒரு பக்கம் நெஞ்சுத் துடிப்பு, இன்னொரு பக்கம் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கேட்கிற தளும்பல். “ரெண்டுந்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

ஊர் கூடிப் பேசியது. அது பிள்ளையா சரக்கா என்பதில் இரண்டு கட்சி இருந்தது. சரக்கு என்றால் அது பூங்காவனத்துக்குச் சேர வேண்டியது, பிள்ளை என்றால் விருத்தாம்பாளுக்கு. கடைசியில் வளையல் போட்டாகிவிட்டது, போட்டது போட்டதுதான், அதனால் பிள்ளை என்று தீர்ந்தது. பூங்காவனமும் ஒத்துக்கொண்டாள், ஈர்க்குக் குச்சியில் விருத்தாம்பாளின் முடிச்சை அவிழ்த்தும் போட்டாள். அப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. விருத்தாம்பாள் கொட்டாவி விட்டால் ஈக்கள் மயங்கி விழுந்தன. தெருநாய்கள் அவள் வாசலில் வந்து படுத்துக்கொண்டு பல்லைக் காட்டித் தூங்கின. பக்கத்தில் படுத்து எழுந்தாலே அய்யாக்கண்ணுக்குப் போதை ஏறியது, அதனால் அவன் திரும்பவும் பெண்டாட்டியோடு ஒட்டிக்கொண்டு படுக்கத் தொடங்கினான். சுட்ட பனங்கிழங்கும் அடுப்புச் சாம்பலும் கேட்டாள், முறை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு நாலு பேர் ஆசைப்பட்டுத் தாங்களும் பையைக் கட்டிக்கொண்டு வளையல் போட்டுப் பார்த்தார்கள், அவர்களுக்கு ரப்பர் ரப்பராகவே இருந்தது, பொறாமையில் ஒரு மாசம் அவளோடு பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு அவர்களே மருதாணி அரைத்துக்கொண்டு வந்தார்கள்.

விருத்தாம்பாள் தினமும் உச்சிவேளையில் கையைக் குலுக்குவாள், உள்ளே புரளுவது அடங்கித் தூங்கும். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். அதைக் குப்பச்சியிடம் சொன்னாள்.

“நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிப் பெத்துக்கறன். தாய் வூடு அந்தாண்டதான இருக்குது. அந்தாண்ட பொறந்தா புள்ள. இந்தாண்ட பொறந்தா கேசு.”

“வளைகாப்பு முடிஞ்ச அன்னிக்கே நீ போயிருக்கணும்டி. அதான முறை.”

“அன்னிக்குப் பொய்யின்னுதான நெனச்சிருந்தோம்.”

அது வாஸ்தவம். வளையல் போட்டவளை அன்றைக்கே தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அத்தனை பேருக்கும் சரக்கை இறக்குகிற அவசரம். அதற்கப்புறம் குப்பச்சி, வயிறு தளும்புகிறது, பலகை ஆடுகிற பாலம் ஆகாது, வலி கண்டதும் போகலாம் என்று நிறுத்தி வைத்தாள்.

கெட்டுப்போனது அய்யாக்கண்ணு வாயால். அவன் பனைமரத்தடியில் உட்கார்ந்து, பிடித்துக்கொண்ட கழுத்தோடு ஆகாசத்தைப் பார்த்து, மற்ற ஆண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பத்து மாசம்டா. பத்து மாசம் ஊறினா சரக்கு எப்படி இருக்கும்னு நெனச்சிப் பாரு. பிரெஞ்சுக்காரன் பீப்பாயில ஊற வெக்கிறானே, அதெல்லாம் இதுக்கு முன்னால கஞ்சித்தண்ணி.”

“ஏம்ப்பா, அது ஓம் புள்ளடா.”

“புள்ளதான். நான் இல்லன்னா சொன்னன்? வாசனையத்தான் சொல்றன்.”

வாசனை சந்தைக்குப் போனது, சந்தையிலிருந்து போலீஸ் கச்சேரிக்குப் போனது, ஒரு புதிய ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். இந்த ஊர்ப் பதிவில் மூன்று வருஷத்தில் பதினெட்டுப் பிரசவம் காட்டுகிறது, அம்மை குத்துவதற்கு ஒரே ஒரு குழந்தைதான் இருக்கிறது, இது எப்படி என்று அவர் சுடலைமுத்துவைக் கேட்டார். அவன் இத்தனை நாள் திறக்காமல் வைத்திருந்த கண்ணை ஆபீசர் ஒரு கேள்வியில் திறந்துவிட்டார்.

அன்று பார்த்துத்தான் விருத்தாம்பாளுக்கு வலி கண்டது. குப்பச்சி ஒரு கை, பூங்காவனம் ஒரு கை பிடித்துக்கொள்ள, வளையல் குலுங்கக் குலுங்க அவள் பாலத்துக்கு நடந்து வந்தபோது, சாவடியில் அவளுக்கு முன்னால் நாலு பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், அந்தாண்டையிலிருந்து சரக்கோடு வந்தவர்கள். ஆபீசர் வைக்கோல் வண்டிக்கு வைத்திருந்த கோணியூசியை வாங்கி ஒவ்வொரு வயிற்றிலும் தானே செருகினார். ரப்பர் பீச்சியடித்தது. அந்த நாலு பேரும் அழவில்லை, கட்டியிருந்தது தளர்ந்துபோக, நனைந்த புடவையோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அதைப் பார்க்க ஊர் ஆண்கள் எல்லாரும் ஓடைக்கரையில் கூடியிருந்தார்கள்.

“அடுத்தது” என்றார் ஆபீசர்.

“இது புள்ளைங்க, சாமி” என்றாள் பூங்காவனம். “எங்கொல தெய்வத்து மேல சத்தியமாச் சொல்றன், இது புள்ள.”

“இந்த நாலுக்கும் நீ இதே சத்தியம்தானே பண்ணியிருக்கே?”

பதினெட்டு வயிற்றுக்குச் சத்தியம் செய்தவள் பூங்காவனம். அத்தனையும் நின்றது, நிஜத்துக்குச் செய்த இந்த ஒன்றுதான் நிற்கவில்லை. அவள் திரும்பிக் குப்பச்சியைப் பார்த்தாள். குப்பச்சி, தன் பேரனை ஊரார் பிள்ளைகளாகக் காட்டினவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபீசர் ஊசியைச் சுடலைமுத்துவிடம் நீட்டினார். “இது நீ வளையல் போட்ட வயிறாமே? நீயே குத்து.”

சுடலைமுத்து ஊசியை வாங்காமல் வயிற்றில் கையை வைத்தான். “ஐயா, துடிக்கி ஐயா.”

“காத்து இருந்தா துடிக்கத்தான் செய்யும். வாடையைப் பாருய்யா. நீ குத்தலைன்னா நான் குத்தறேன், எனக்கு எங்க குத்தறது, எவ்வளவு ஆழம்னெல்லாம் பாத்துக் குத்தத் தெரியாது.”

அவன் ஊசியை வாங்கிக்கொண்டான். வேறு யார் கையிலாவது இருப்பதைவிடத் தன் கையில் இருந்தால் நோகாமல் இருக்கும் என்று அவன் நினைத்தான், அப்படித்தான் பின்னால் எல்லாரிடமும் சொன்னான். விருத்தாம்பாள் அவனைத் திட்டவில்லை. பாலத்துக்கு அந்தாண்டை, பதினாறு எட்டு தூரத்தில், அவள் அண்ணன் பாயும் தண்ணீரும் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தாள். இந்தக் கையால் அந்தக் கையைப் பிடித்து வளையல் சத்தமில்லாமல் அமர்த்திக்கொண்டாள்.

“பைய குத்துங்கய்யா” என்றாள். “தூங்குது.”

அவன் பையத்தான் குத்தினான்.

சாராயம் வந்தது. எட்டுப் புட்டி என்று ஆபீசர் எழுதினார், எழுதி முடித்தபிறகும் அது நிற்கவில்லை, பத்து மாசத்து ரத்தத்தில் ஊறினது பொன்னிறமாகப் பலகையில் ஓடி, பலகை இடுக்கு வழியாக ஒழுகி ஓடைக்கரை மணலில் வாய்க்காலாக இறங்கியது. அந்த வாசனையில் ஆபீசரே ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். மூன்று வருஷமாக அண்ணாந்தே நின்ற கழுத்துகள் அப்போதுதான் முதல்முறையாகக் குனிந்தன. முதலில் குனிந்தவன் அய்யாக்கண்ணு. இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தான், “ஐயோ, ஐயோ” என்று சொல்லிக்கொண்டே குடித்தான், அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருவன் என்று இருபத்திமூன்று பேர் குடித்தார்கள். எல்லாம் வடிந்த பிறகு கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. குப்பச்சி அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். அதில் சாராய வாசனை இல்லை. இருநூறு பிரசவத்தில் அவள் கையில் பட்ட தண்ணீர் அது. அவள் விரலைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கோர்ட்டில் என்ன கடத்தினாய் என்று கேட்டார்கள். “புள்ள” என்றாள். மூன்று மாசம் எழுதினார்கள். ஜெயிலுக்குள் கண்ணாடி வளையல் ஆகாது என்று சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள், சுவரில் அடித்துப் பார்த்தார்கள், சுவரில்தான் காரை பெயர்ந்தது. முதல் அழுகை கேட்கிற வரைக்கும் அது கழலாது என்று அவளுக்குத் தெரியும், அவள் கையை அவர்களிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகையை அவள் ஊருக்குத் திரும்பி வந்த அன்று உச்சிவேளையில் கேட்டாள். தெரு முழுக்கக் கேட்டது. குடித்த இருபத்திமூன்று பேரும், மீசை நரைத்தவனும் பெண் கட்டிக் கொடுத்தவனும், அவரவர் வீட்டுப் பாயில் மல்லாந்து கிடந்து, வாயை மூடிக்கொண்டிருக்க, வயிற்றுக்குள்ளிருந்து பச்சைப்பிள்ளை அழுதது. ஒரே பிள்ளையின் குரல், இருபத்திமூன்று துண்டாக. அவள் மூன்று மாசமாக வற்றிக்கிடந்த மார்பு நனைந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. அவள் வளையல் கழலுமா என்று இழுத்துப் பார்த்தாள், கழலவில்லை. துண்டு துண்டாக அழுதால் அது முதல் அழுகைக் கணக்கில் சேராது போலிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள். வாசலில் நின்று, உள்ளே வராமல், “யக்கா, தப்பா நெனச்சிக்காத. அந்த மனுசன் மூணு மாசமா உச்சியானா இப்படித்தான் கத்துறாரு. நீ வந்து ஒரு தடவ கையக் குலுக்கிட்டுப் போயேன்” என்றாள். விருத்தாம்பாள் போனாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றுக்கு நேரே கையை நீட்டிக் குலுக்கினாள், அழுகை விசும்பலாகித் தூங்கிப்போனது. அதிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. உச்சிவேளையானால் வீடு வீடாகப் போவாள், ஊரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கும், ஒரு வீட்டில் மோர் கொடுப்பார்கள், ஒரு வீட்டில் வெற்றிலை. தன் பிள்ளையைக் குடித்த வீடுகளில் அவள் அதை வாங்கிக் குடித்தாள். பெண்பார்க்க வந்தவர்கள்கூட, “இந்த ஊர்ல ஆம்பளைங்களுக்கு மத்தியானத்துல கொஞ்சம் அழுவாச்சி வரும், வேற ஒண்ணும் கொறை இல்ல” என்று ஊரார் சொன்னால் சரி என்று தட்டை மாற்றிக்கொண்டு போனார்கள்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறினான். சாவடியைப் பிரித்து ஓலையை அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள், பாலத்தின் மேல் மேளம் அடித்துக்கொண்டு இரண்டு கரைக்காரர்களும் ஆடினார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. விருத்தாம்பாளும் நடந்து போய்ப் பதினாறாவது எட்டில் நின்று பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தான் இருந்தது.

அன்றைக்குச் சுடலைமுத்துவும் வந்திருந்தான். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது, ஆள் பாதியாகிப் போயிருந்தான். “கண்ண மூடுனா கைக்குள்ள துடிக்கி தாயி. உறக்கமே இல்ல. எனக்கும் ஒருதடவ அந்த வளவியக் குலுக்கக் கூடாதா?”

அவள் அவன் வயிற்றுக்குக் கிட்டே காதைக் கொண்டுபோய்க் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

“உள்ள அது இல்லியேய்யா” என்றாள். “நீங்க குடிக்கல. நான் எதத் தூங்க வெக்கறது?”

அவன் தெற்கே போனான். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

முதலில் செத்தது ஒரு கிழவன். அவன் வயிற்று அழுகை சன்னமாகி நின்றபோது விருத்தாம்பாளின் வலதுகையில் ஒரு சிவப்பு வளையல், எதிலும் படாமல், தானாக விரிந்து இரண்டாக விழுந்தது. அடுத்தவன் திரும்பவும் மரமேறப் போய் விழுந்து செத்தான், இன்னொன்று. அவளுக்குப் புரிந்துவிட்டது. சாவு வீட்டில் எல்லாரும் செத்தவனுக்காக அழும்போது அவள் மட்டும் வயிற்றின் மேல் காதை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற துணுக்கு அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள், பிறகு எழுந்து உடைந்த கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவாள். பிள்ளை ஒரேயடியாகச் சாகவில்லை. ஒரு கை, ஒரு கால், ஒரு காது என்று முப்பது வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தது. பூங்காவனமும் குப்பச்சியும் போனபோது வளையல் எதுவும் உடையவில்லை, அதனால் அவர்களுக்காக மட்டும் அவள் மற்றவர்களைப்போல அழ முடிந்தது.

இருபத்திரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இருபத்திரண்டாவது ஆளை முந்தாநாள் சாயங்காலம்தான் எடுத்தார்கள். மிஞ்சியிருப்பது அய்யாக்கண்ணு ஒருவன். ஜெயிலிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லார் வீட்டுக்கும் போய்க் குலுக்கிவிட்டுக் கடைசியாகத்தான் தன் வீட்டுக்கு வருவாள், சில நாள் வேண்டுமென்றே நேரம் கழித்து வருவாள். அவன் எப்போது சாவான் என்று காத்திருந்தவள் அவள். இப்போது அவனுக்குக் கண் தெரியவில்லை, கால் வரவில்லை, மூச்சு விசிலடிக்கிறது. அவள் விடிந்ததும் வெந்நீர் வைத்து அவனைத் துடைக்கிறாள், புண் வராமல் இருக்க நாளைக்கு நாலு தடவை புரட்டிப் போடுகிறாள், கேழ்வரகுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டிக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறாள். கடைவாயில் ஒழுகினால் துடைத்துவிடுகிறாள். ஊரில் அவளைப் பார்த்துப் பத்தினி என்கிறார்கள், மருமகள்களுக்கு உதாரணம் சொல்லுகிறார்கள்.

நேற்று அவன் கஞ்சியைத் துப்பினான். “போதும், வுட்டுடு, விருத்தா. நான் போறன். ஒனக்கு நான் பண்ணது...” என்று ஆரம்பித்தான்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் வாயைத் திறந்தாள். “முழுங்குய்யா. செத்துடாத. ஒனக்காகச் சொல்லல.”

அவன் விழுங்கினான். உச்சிவேளை வந்தது. அவன் வயிற்றுக்குள் அது எழுந்து சிணுங்கி அழத் தொடங்கியது, பசிக்கிற அழுகை, இத்தனை காலத்தில் ஒரு நாள்கூட வளராத குரல். விருத்தாம்பாள் கையை நீட்டினாள். அந்தக் கையில் மிச்சம் இருப்பது சுடலைமுத்து வாங்கி வந்த பச்சை வளையலில் ஒன்று. எப்படிக் குலுக்கினாலும் சத்தம் வரவில்லை, சத்தம் வர இன்னொன்று வேண்டும். அழுகை ஏறிக்கொண்டே போனது. அவள் கஞ்சி டம்ளரைக் கவிழ்த்து அதன் விளிம்பில் வளையலைத் தட்டிப் பார்த்தாள். ஒரு சின்னச் சத்தம் வந்தது. கொஞ்சம் ஓங்கித் தட்டினால் உடைந்துவிடும், தட்டாமல் இருந்தால் அழுகை நிற்காது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, பலகை ஆடுகிற பாலத்தில் நடக்கிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை தட்டினாள்.

“பைய” என்று தன் கைக்குச் சொன்னாள். “பைய.”